அகலத்தில் கை வைக்கக் கூடாது

2010 ஜனவரியில் ஒரு மாலை, ராலே நகரில் நான் படித்துக்கொண்டிருந்த வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரெனால்ட்ஸ் அரங்கத்துக்குப் பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டுமானப் பொறியியலில் முதுகலை படிக்க வந்து ஐந்து மாதங்கள்தான் ஆகியிருந்தன. ஆட்டத்தின் விதிகள்கூட அப்போது எனக்குச் சரியாகத் தெரியாது. வெளியே குளிர், உள்ளே வெளிச்சமும் கூட்டமும் இருக்கும் என்பதற்காகவே போனேன். தாமதமாகப் போனதால் கூடைக்குப் பின்னால், குறுகிய பக்கத்தின் மேல்வரிசையில்தான் இடம் கிடைத்தது. அங்கிருந்து பார்த்தபோது எங்கள் பக்கத்துக் கூடையின் பலகை பாதி ஆட்டத்தை மறைத்தது. எதிர்ப்பக்கத்துக் கூடையோ, ஆற்றின் அக்கரையில் கட்டிய தொட்டில்போல் எங்கோ தொங்கியது. ஆடுகளத்தின் நீளம் 94 அடி மட்டுமே. ஆனால் களம் முடியும் இடத்திலிருந்து என் இருக்கை வரை, வரிசை வரிசையாக, இன்னொரு களத்தையே போடும் அளவுக்குத் தூரம் இருப்பதுபோல் எனக்குத் தோன்றியது. நீண்ட பக்கங்களில் உட்கார்ந்தவர்களுக்கோ ஆட்டக்காரர்களின் காலணி தரையில் உரசும் ஓசை மடியில் விழுந்துகொண்டிருந்தது.

படிக்கும் படிப்பு சும்மா விடவில்லை. அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். பக்கச் சுவரிலிருந்து பக்கச் சுவருக்குப் பாயும் எஃகுச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடைவெளியில் போய்க்கொண்டே இருந்தன. ஊரில் கொத்தனார்கள் இரண்டு உத்திரங்களுக்கு நடுவே உள்ள இடத்தை அங்கணம் என்பார்கள். இந்தக் கட்டடத்தில் அங்கணங்கள் தேவைக்கு மேல் இருந்தன. நடுவில் களமும் சுற்றிலும் ஏறத்தாழ ஒரே தூரத்தில் மனிதர்களும் இருக்கும்படி ஓர் அரங்கத்தை வரைவதுதான் எந்த வரைவாளருக்கும் முதலில் தோன்றும் வடிவம். யாரோ ஒருவர் அப்படி வரையாமல், ரயில் நிலையக் கொட்டகைபோல் நீட்டி வைத்திருந்தார். இது யாருடைய தவறு என்ற கேள்வியோடுதான் அன்று அறைக்குத் திரும்பினேன்.

அடுத்த வாரம் எஃகுக் கட்டமைப்பு வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் கேட்டேன். அவர் மேசையிலிருந்த தாள்களை அடுக்கிக்கொண்டே, “அது தவறில்லை, காத்திருந்த கட்டடம் அப்படித்தான் இருக்கும். நூலகத்தில் பழைய படங்கள் இருக்கின்றன, போய்ப் பாருங்கள்” என்று மட்டும் சொன்னார். போனேன். கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. சுவர் இல்லை, கூரைத் தகடு இல்லை. எஃகுச் சட்டகம் மட்டும் வானத்தை விலா எலும்புகள்போல் தாங்கி நிற்கிறது. அதன் வழியே அந்தப் பக்கத்து மேகம் தெரிகிறது. எனக்கு அது புதிய காட்சி அல்ல. அதன் சிறிய வடிவத்தைப் பாளையங்கோட்டையில் பார்த்துக்கொண்டே வளர்ந்தவன் நான்.

எலும்புக்கூடு நின்ற ஆண்டுகள்

இந்த அரங்கத்தை இன்று எல்லோரும் கூடைப்பந்தோடு சேர்த்தே பேசுகிறார்கள். ஆனால் அது முதலில் கூடைப்பந்துக்காக மட்டும் நினைக்கப்பட்டதன்று. வேளாண்மையையும் பொறியியலையும் கற்பித்த அரசுக் கல்லூரி அது. மாநிலத்தின் உழவர்கள் ஆயிரக்கணக்கில் கூடினால் மழைக்கு ஒதுங்க வளாகத்தில் ஒரு பெரிய கூரை இல்லை. கண்காட்சிகள், மாநாடுகள், மாணவர்களின் ராணுவப் பயிற்சி, விளையாட்டு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து ஒரே மண்டபம் என்பதுதான் திட்டம். புகையிலைக் குடும்பத்தைச் சேர்ந்த மேரி ரெனால்ட்ஸ் பாப்காக், தம் சித்தப்பா வில்லியம் நீல் ரெனால்ட்ஸின் பெயர் நிலைக்க ஒரு லட்சம் டாலர் கொடுத்தார். 1942-இல் வேலை தொடங்கியது.

அந்த ஆண்டைச் சொன்னாலே போதும், மிச்சம் விளங்கிவிடும். முந்தைய டிசம்பரில்தான் அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. 1942 ஜனவரியில் போர் உற்பத்தி வாரியம் அமைக்கப்பட்டது. ஏப்ரல் 9 அன்று அந்த வாரியம், போருக்குத் தேவைப்படாத கட்டுமானம் எதையும் அனுமதியின்றித் தொடங்கக் கூடாது என்று ஆணை பிறப்பித்தது. கப்பலுக்கும் டாங்கிக்கும் போக வேண்டிய எஃகைக் கல்லூரி மண்டபத்துக்கு யார் விடுவார்கள்? ஆயினும் கட்டமைப்பு எஃகில் ஒரு குணம் உண்டு. ஒரு கட்டடத்துக்கென்று அளவெடுத்து, வெட்டி, துளையிட்டு முடித்த தூணும் சட்டமும் வேறோர் இடத்தில் அப்படியே பொருந்தாது, உருக்கினால்தான் மறுபிறவி. சட்டகம் எழுந்தது. 1943-இல் வேலை நின்றது. செங்கல் இல்லை, ஆள் இல்லை, அனுமதி இல்லை. ரயில் பாதையை ஒட்டி, வளாகத்தின் நடுவில், அந்த எலும்புக்கூடு மழையும் வெயிலும் பனியும் வாங்கிக்கொண்டு நின்றது.

நின்ற வேலை என்றால் என்ன என்பதைத் தொழிலில் இறங்கிய பிறகுதான் நான் முழுதாக உணர்ந்தேன். தொடங்காத வேலையை யாரும் குறை சொல்வதில்லை. முடிந்த வேலையைப் பற்றி எவரும் நினைப்பதில்லை. பாதியில் நிற்பதுதான் ஒவ்வொரு நாளும் கண்ணில் குத்துகிறது. எஃகு வெளியில் நின்றால் மேற்பரப்பில் துரு ஏறும். இணைப்புகளில் நீர் தங்கும். அடித்தளத்தோடு தூணைக் கட்டும் போல்ட்டுகளின் கழுத்து முதலில் தேயும். கூரைத் தகடும் சுவரும் சேர்ந்து தாங்க வேண்டிய காற்றை வெறும் சட்டகம் தனியாகத் தாங்க வேண்டியிருக்கும். மறுபடி வேலை தொடங்கும் நாளில் பொறியாளர் முதலில் செய்ய வேண்டியது கட்டுவதன்று. தட்டிப் பார்ப்பதும் சுரண்டிப் பார்ப்பதும், பழைய வரைபடத்தில் கையெழுத்திட்டவர் என்ன நினைத்தார் என்று ஊகிப்பதும்தான். அதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. வேலை நின்ற காலத்தில் தேவை மாறிவிடுகிறது. 1941-இல் ஒரு கல்லூரி விரும்பிய மண்டபம் வேறு, போர் முடிந்து படைவீரர்கள் அரசு உதவித்தொகையோடு வகுப்புகளில் வந்து நிறைந்தபோது அதே கல்லூரிக்குத் தேவைப்பட்ட மண்டபம் வேறு. கட்டடமோ பழைய விருப்பத்தின் அளவில் விறைத்து நின்றது.

அதே வளாகத்தின் மணிக்கூண்டுக்கும் இதே தலையெழுத்துதான். 1921-இல் அடிக்கல் நாட்டி, 1937-இல்தான் கல் வேலை முடித்து, 1949 நவம்பர் 11-இல் முறைப்படி அர்ப்பணித்தார்கள். கூண்டுக்குள் மணிகளை வைக்க மேலும் எழுபத்திரண்டு ஆண்டுகள் ஆயின. 55 மணிகளும் ஏறியது 2021-இல். நான் படித்த காலத்தில் அந்தக் கூண்டிலிருந்து கேட்டதெல்லாம் ஒலிபெருக்கியின் மணியோசை. அரங்கம் திறந்தது, மணிக்கூண்டு அர்ப்பணிக்கப்பட்டு மூன்று வாரங்களில். அந்த இலையுதிர்காலத்தில் அங்கே படித்த மாணவர்கள் எதை எதையெல்லாம் ‘கடைசியில் முடித்துவிட்டார்கள்’ என்று பேசிக்கொண்டிருப்பார்கள் என்று நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன்.

இந்தியானாவிலிருந்து வந்தவர்

1946-இல் எவரெட் கேஸ் ராலேக்குப் பயிற்சியாளராக வந்தார். இந்தியானா மாநிலத்தில் ஃபிராங்க்ஃபர்ட் என்ற சிற்றூரின் உயர்நிலைப்பள்ளி அணியை நான்கு முறை மாநில வெற்றியாளராக்கியவர். போர்க்காலத்தில் கடற்படையில் இருந்தவர். பள்ளி ஆட்டத்துக்கே ஊர் முழுவதும் திரண்டு வரும் மாநிலத்தில் வளர்ந்தவர் அவர். அவர் வந்திறங்கிய தென்பகுதியிலோ அன்று அமெரிக்கக் கால்பந்துதான் ஆட்டம். கூடைப்பந்து என்பது கால்பந்து ஓய்ந்த மாதங்களில் பொழுதைத் தள்ள ஆடுவது. அவரை இங்கே இழுத்ததில் அந்த முடியாத சட்டகத்துக்கும் பங்கு உண்டு என்று சொல்வார்கள். அதை நான் நம்புகிறேன். எல்லோரும் ஏழ்மையின் அடையாளமாகப் பார்த்துப் பழகிய ஒன்றில் அவர் ஓர் ஆரம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

அவர் வந்த முதல் பருவத்திலேயே கூட்டம் பெருகியது. அணி ஆடியது 1925-இல் கட்டிய தாம்ப்சன் உடற்பயிற்சிக்கூடத்தில். 1947 பிப்ரவரியில் அண்டை ஊரின் வட கரோலினாப் பல்கலைக்கழக அணியோடு ஆட வேண்டிய நாளில், அந்தக் கூடம் கொள்ளாத அளவுக்கு மக்கள் வந்து நெருக்கினார்கள். தீயணைப்பு அதிகாரிகள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். ஒரு பந்துகூட வீசப்படாமல் கூட்டம் கலைய வேண்டியதாயிற்று. அந்தக் கூடத்திலிருந்து நடக்கும் தூரத்தில்தான் கூரையில்லாத அந்தப் பெரிய சட்டகம் நின்றுகொண்டிருந்தது. ஆட்டம் பார்க்காமல் திரும்பியவர்களில் சிலராவது அன்றிரவு அதைக் கடந்துதான் வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நான் இந்தக் கதையில் மீண்டும் மீண்டும் வந்து நிற்கும் இடம் அடுத்து நடந்தது. வேலை மறுபடி தொடங்கப் போகிறது என்ற நிலை வந்ததும், அரங்கம் பழைய வரைபடத்தில் இருப்பதைவிடப் பெரிதாக வேண்டும் என்று கேஸ் வற்புறுத்தினார். சுமார் நாற்பது கிலோமீட்டர் தள்ளி, டர்ஹம் நகரில், டியூக் பல்கலைக்கழகத்தின் உள்ளரங்கம் 1940 ஜனவரி 6 அன்றே திறந்துவிட்டிருந்தது. 8,800 பேர் உட்காரலாம். அதைவிடப் பெரிதாக, ஐயத்துக்கு இடமில்லாமல் பெரிதாக, ராலேயில் ஒன்று வேண்டும் என்பது அவர் பிடிவாதம். இதைப் போட்டி மனப்பான்மை என்று ஒதுக்கிவிடலாம்; முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பிப்ரவரியில் கலைந்து போன கூட்டத்தைக் கண்ணால் கண்ட மனிதர் அவர். எண்ணிக்கையின் மீது அவருக்கு இருந்த ஆசையில் பாதி, வந்தவரைத் திருப்பி அனுப்ப நேர்ந்த அவமானம் என்றே இப்போது எனக்குப் படுகிறது.

அவருக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. சட்டகத்தைப் பிரித்துப் போட்டுவிட்டுப் புதிதாக, சரியான அகலத்தில் கட்டலாம். போர் முடிந்திருந்தாலும் எஃகுப் பஞ்சம் முடியவில்லை. 1946 ஜனவரியில் ஏறத்தாழ ஏழரை லட்சம் எஃகுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியிருந்தார்கள், வீடு கட்டவே பொருள் கிடைக்காமல் நாடு திணறியது. அந்த நேரத்தில், நிற்கும் எஃகைப் பிரிக்கிறேன் என்று எந்தக் கல்லூரி சொல்ல முடியும்? அல்லது பழைய வரைபடத்தின்படியே முடித்து, கிடைத்தது போதும் என்று இருக்கலாம். மூன்றாவது வழியைத்தான் எடுத்தார்கள். அகலத்தை அந்தச் சட்டங்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டன. பக்கத்திலிருந்து பக்கத்துக்குப் பாயும் சட்டத்தின் நீளம்தான் கட்டடத்தின் அகலம். அதை ஓர் அடி கூட்ட வேண்டுமானாலும் சட்டம், தூண், அடித்தளம் அனைத்தையும் மாற்ற வேண்டும். நீளத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. இருக்கும் கடைசிச் சட்டத்துக்கு அப்பால் அதே அளவில் இன்னொரு சட்டம், அதற்கும் அப்பால் இன்னொன்று என்று அங்கணம் அங்கணமாகச் சேர்த்துக்கொண்டே போகலாம். அப்படித்தான் சேர்த்தார்கள். இருக்கைகள் 12,400 ஆயின. கூடின இருக்கைகள் அவ்வளவும் கூடைகளுக்குப் பின்னால், களத்தை விட்டு விலகி விலகிப் போகும் இடத்தில் அமைந்தன.

2010 ஜனவரியில் நான் உட்கார்ந்திருந்தது அந்த இருக்கை ஒன்றில்தான்.

எங்கள் வீட்டு அடுக்களை

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு லிண்டல் மட்டத்தில் நான்கு ஆண்டுகள் நின்றது. அப்பா கூட்டுறவுக் கடனில் தொடங்கினார். தாத்தாவுக்கு உடம்பு முடியாமல் போனதில் கையிலிருந்த பணம் கரைந்தது. கூரையில்லாத அறைகளுக்குள் எருக்கஞ்செடி முளைத்தது. தூண்களின் தலையில் நீட்டிக்கொண்டிருந்த கம்பிகள் செம்பழுப்பாகி, மழை பெய்த மறுநாள் சுவரில் துருக்கோடு வடிந்திருக்கும். வாடகை வீட்டிலிருந்து பள்ளிக்கு அந்த வழியாகத்தான் நானும் அக்காவும் போவோம். ‘எப்போ பால் காய்ச்சப் போறிய?’ என்று யாராவது கேட்பார்கள் என்பதற்காகவே அம்மா கடைத்தெருவுக்கு வேறு தெரு சுற்றிப் போவார்.

வேலை மறுபடி தொடங்கியபோது தேவை மாறியிருந்தது. பாட்டி எங்களோடு வந்துவிட்டார். அவருக்கு ஓர் அறை வேண்டும். அப்பா அடுக்களையை அகலப்படுத்தி, அதைத் தடுத்து, ஓர் அறை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தார். மேஸ்திரி குனிந்து கடைக்காலைப் பார்த்தார். தூணில் வெளியே தெரிந்த கம்பியை விரல் நகத்தால் சுரண்டி, உதிர்ந்த துருவை உள்ளங்கையில் வைத்து ஊதினார். பிறகு சொன்னார்: “அண்ணாச்சி, அகலத்துல கை வைக்கக் கூடாது. கடைக்கால் போட்டது போட்டதுதான். பின்னால கெணத்தடி வரைக்கும் எடம் கெடக்குல்லா, நீளத்துல எவ்வளவு வேணும்னாலும் இழுத்துக்கிடுங்க.” இழுத்தார்கள். பாட்டிக்கு அறை கிடைத்தது. எங்கள் அடுக்களை ரயில் பெட்டிபோல் ஆனது. அடுப்பு ஒரு கோடியில், தண்ணீர்த் தொட்டி மறு கோடியில். நடுவே பதினான்கு எட்டு. அம்மா அதை எண்ணி வைத்திருந்தார். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

நூலகத்தில் அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேஸ்திரியின் உள்ளங்கைதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அதற்குமுன் எனக்குள் இருந்த கேள்வி, இது யாருடைய தவறு என்பது. அந்தப் படத்துக்குப் பிறகு கேள்வி மாறிவிட்டது. தடையைத் தாண்டிவிட்டோம் என்கிறோமே, தாண்டிய தடை எங்கே போகிறது? திறப்பு விழாப் பேச்சுகளில் அது புகைபோல் கலைந்துவிடுகிறது. போர் வந்தது, வேலை நின்றது, விடாமுயற்சி வென்றது, அரங்கம் எழுந்தது என்று நான்கு வாக்கியங்களில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கதைசொல்லல் பிடிப்பதில்லை. அந்தத் தடை எங்கும் போய்விடவில்லை, கட்டடத்துக்குள் குடியேறிவிட்டது. ஒரு வீட்டில் அது அம்மாவின் பதினான்கு எட்டு. ஒரு அரங்கத்தில் அது மேல்வரிசை முனையில் உட்கார்ந்து ஆட்டக்காரரின் முதுகை மட்டும் பார்த்துவிட்டுப் போன அறுபது ஆண்டுக் கூட்டம். அப்பாவும் கேஸும் எடுத்த முடிவு சரியானது என்றே நான் நினைக்கிறேன். வேறு வழியை எடுத்திருந்தால் பாட்டிக்கு அறையும் இல்லை, ராலேக்கு அரங்கமும் இன்னும் சில ஆண்டுகளுக்கு இல்லை. ஆனால் அந்த முடிவுக்கான விலையை முடிவெடுத்தவர் கொடுக்கவில்லை. கேஸ் உட்கார்ந்தது களத்தின் ஓரத்தில். அப்பா அடுக்களைக்குள் தண்ணீர் குடிக்க மட்டும்தான் வருவார்.

நான் இப்போது ராலேக்கு அருகிலேயே கட்டமைப்புப் பொறியாளனாக இருக்கிறேன். சில ஆண்டுகளுக்குமுன் எங்கள் மேசைக்கும் ஒரு நின்ற வேலை வந்தது. உரிமையாளர் கைமாறி, தேவை மாறி, மூன்று குளிர்காலம் திறந்து கிடந்த ஒரு சட்டகம். கூட்டத்தில் இருந்தவர்கள் எல்லோரும் எத்தனை இடங்கள் கூடும் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். கூடப்போகும் இடங்கள் யாருக்கு, அங்கே நிற்பவருக்கு என்ன தெரியும், எவ்வளவு நடக்க வேண்டும் என்று நான் கேட்டேன். அறையில் சற்று நேரம் பேச்சில்லை. கேட்டதால் பெரிதாக ஒன்றும் மாறிவிடவில்லை. ஒரு படிக்கட்டை மட்டும் முனையிலிருந்து நடுவுக்கு நகர்த்தினோம். அந்தப் படிக்கட்டை வரைந்த இரண்டு நாட்களும் என் தொழில் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த நாட்களுள் வரும்.

திறந்த பிறகு

1949 டிசம்பர் 2 அன்று ரெனால்ட்ஸ் அரங்கத்தில் முதல் ஆட்டம் நடந்தது. வாஷிங்டன் அண்ட் லீ பல்கலைக்கழக அணியை 67-47 என்று வென்றார்கள். ஏறத்தாழ 25 லட்சம் டாலர் செலவாகியிருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்குமுன் டியூக் அரங்கத்துக்கு ஆனது 4 லட்சம். அந்தப் பருவத்திலேயே அணி தேசியப் போட்டியில் மூன்றாமிடம் பிடித்தது. அதே டிசம்பரில் டிக்சி கிளாசிக் தொடங்கியது: மாநிலத்தின் நான்கு பெரிய அணிகள், வெளியிலிருந்து அழைக்கப்பட்ட நான்கு அணிகள், மூன்று நாள் திருவிழா. சூதாட்டக்காரர்களுக்காகப் புள்ளிகளைக் குறைத்து ஆடிய ஊழல் 1961-இல் வெளிவந்து அந்தத் திருவிழாவை முடித்துவைக்கும் வரை, வட கரோலினாவின் கிறிஸ்துமஸ் வாரத்துக்கு அதுதான் நடுத்தூண். 1954 முதல் 1966 வரை இந்தக் கல்லூரியும் அண்டைக் கல்லூரிகளும் சேர்ந்த அட்லாண்டிக் கோஸ்ட் என்ற விளையாட்டுக் கூட்டமைப்பின் போட்டித்தொடரும் ஆண்டுதோறும் இங்கேதான் நடந்தது. கால்பந்து நாட்டைக் கூடைப்பந்து நாடாக்கியது இந்த நீளக் கட்டடம் என்றால் அது மிகையன்று. வெற்றி பெற்றதும் கூடையின் வலையைக் கத்தரித்து எடுக்கும் வழக்கத்தைக் கல்லூரி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தவரும் கேஸ்தான் என்பார்கள்.

அந்த முனை இருக்கைகளைப் பற்றி நினைக்கும்போது வேறொரு நாளும் என் மனத்தில் வருகிறது. 1966 ஜூலை 31 அன்று மார்ட்டின் லூதர் கிங் இந்த அரங்கத்தில் பேசினார். வெள்ளையர் மேலாதிக்கக் கூட்டமான கூ க்ளக்ஸ் க்ளான் அதே நாளில் அதே நகரில் பேரணி நடத்தியது. இந்தக் கல்லூரி கறுப்பின இளங்கலை மாணவர்களை முதன்முதலாகச் சேர்த்துக்கொண்டது 1956-இல். அதாவது, கிங்கைக் கேட்க வந்தவர்களில் மிகப் பலர், தங்களைச் சேர்த்துக்கொள்ளாத ஒரு கல்லூரி தனக்காக வரைந்துகொண்ட கட்டடத்துக்குள் உட்கார்ந்திருந்தார்கள். 1941-இன் வரைபடத்தில் இல்லாத இருக்கைகளில், வரைபடம் எண்ணிப் பார்த்திராத மனிதர்கள். கட்டடம் ஏழு ஆண்டுகள் காத்திருந்ததைப் பற்றி இவ்வளவு எழுதுகிறேன். அவர்கள் காத்திருந்த காலத்தை அதோடு ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை.

1999-இல் ஆண்கள் அணி நகரின் மேற்கே ஒரு பெரிய அரங்கத்துக்குப் போய்விட்டது. பெண்கள் அணி பழைய இடத்திலேயே ஆடியது. 2015-இல் ரெனால்ட்ஸ் மூடப்பட்டு, மூன்றரைக் கோடி டாலர் செலவில் புதுப்பிக்கப்பட்டு, 2016-இல் திறந்தது. முதல்முறையாகக் குளிர்சாதனம் வந்தது. இருக்கைகள் 12,400-லிருந்து 5,500-ஆகக் குறைந்தன. தொலைவு என்பதையே எடுத்துவிட்டார்கள். உள்ளே நுழைந்ததும் வரலாற்றுக் காட்சிக்கூடம்; கேஸிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக நிற்கிறார்கள். திறந்த வாரத்தில் நான் போய்ப் பார்த்தேன். எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் தெரிகிறது. அது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது, உண்மையாகவே. வெளியே வந்து வடக்குப் பக்கமாக, ரயில் பாதையோரம், கட்டடத்தின் நீளத்துக்கு நடந்தேன். உள்ளே என்ன மாறினாலும் அந்த நீளம் மாறவில்லை.

அம்மா அதைப் பழைய நிலையிலேயே ஒருமுறை பார்த்தார். அப்பா போன மறு ஆண்டு, 2014 டிசம்பரில், என்னோடு மூன்று மாதம் இருக்க வந்திருந்தார். மூடப்படுவதற்கு முந்தைய கடைசிப் பருவம் அது. கம்பளிக் குல்லாயும் சேலைக்கு மேல் என் பழைய கோட்டுமாக வந்து, வேண்டுமென்றே நான் வாங்கிய அதே குறுகிய பக்கத்து மேல்வரிசை இருக்கையில் உட்கார்ந்தார். முதல் கால்மணி நேரம் பந்தைத் தேடினார். பிறகு தேடுவதை விட்டுவிட்டு, நான் ஐந்தாண்டுகளுக்குமுன் செய்ததுபோலவே கூரையைப் பார்த்தார். “எதுக்குல இத இவ்வளவு நீளமா கெட்டிப் போட்டிருக்கான்?” என்றார். சொன்னேன். போர், எஃகு, நின்ற ஆண்டுகள், இந்தியானாவிலிருந்து வந்த மனிதர், அகலத்தில் கை வைக்க முடியாமல் போனது எல்லாம் சொன்னேன். மேஸ்திரியின் பெயரை அம்மாவே எடுத்தார். அவருடைய மகன் இப்போது வள்ளியூர்ப் பக்கம் வேலை எடுத்துச் செய்கிறான் என்றார்.

இடைவேளை விட்டதும் கீழே போக வேண்டும் என்றார். இருக்கைகளுக்குப் பின்னால் உள்ள நடைவழியில் இறங்கினோம். மக்காச்சோளப் பொரிக்கும் தண்ணீர்ப் போத்தலுக்கும் நிற்கும் வரிசைகளுக்கு நடுவே, அம்மா முனைச் சுவரில் ஒரு கையை வைத்து, கோட்டின் மற்றக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, எதிர்முனையைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். வாய்க்குள் எண்ணுவது எனக்குக் கேட்டது. பதினான்கைத் தாண்டியபோது என்னைத் திரும்பிப் பார்த்தார். நாற்பதுக்குப் பக்கத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாகக் குறுக்கே ஓடியதில் எண்ணிக்கை தவறிவிட்டது. போகட்டும் அம்மா, ஆட்டம் தொடங்கப் போகிறது என்றேன். அவர் கேட்கவில்லை. வந்த வழியே திரும்பிப் போய், சுவரில் கை வைத்து, ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார்.